பதினொன்றாம் அறைக்கு ஒரு பரோட்டா

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
லாட்ஜ் நடத்தும் அருளானந்து
ஒரு மரக்கட்டையை என் கவுன்ட்டரில் வைத்தார்.
சாண் நீளம். ஒரு முனையில் சாவி.
"இதையும் பையில போட்டுக் கொண்டு போயிர்றாங்க மேடம்.
திண்டுக்கல் தாண்டித்தான் ஞாபகம் வருதாம்.
மறக்க முடியாத மாதிரி
இருபத்திரண்டு கீசெயின் செஞ்சு குடுங்க."

மறக்க முடியாத மாதிரி.
அதை மட்டும் கைப்பையில் போட்டு
ஜிப்பை இழுத்துக்கொண்டேன்.

பகலெல்லாம் நான் கோ.புதூரில்
கரண்டு பில்லுக்குப் பணம் எண்ணுகிறவள்.
ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசையில்
ரசக் கிண்ணத்தின் வட்டத்தைத் துடைத்துவிட்டு
போன வருஷத்துக் காலண்டர் தாளை விரிப்பேன்.
இடுக்கி இரண்டு, பல்குத்தும் குச்சி, எம்சீல்,
விளக்குத்தூண் பக்கம் எடைபோட்டு வாங்கிய மணி,
ஊர்ப்பட்ட நிறத்தில் களிமண் பொட்டலம்.

அறை எண் எழுத எனக்கு மனசில்லை.
எண்ணைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறேன்.
ஒன்றுக்கு மல்லிகை மொட்டு வைத்தேன்,
நாலுக்கு ஆட்டோ, மூன்று சக்கரமும் சுற்றும்.
ஒன்பதுக்கு எருமை.
பதினொன்றுக்குப் பரோட்டா.

பரோட்டா லேசில் வராது.
களிமண்ணை நூலாக உருட்டி
நூலை நாடாவாக நசுக்கி
நாடாவைச் சுருட்டி
ஒரு ரூபாய் அகலத்துக்கு அமுக்கி
அப்புறம் இரண்டு விரலால்
பக்கவாட்டில் ஒரு தட்டு.
அடுக்கு விட்டுக்கொடுத்து விரிந்தது பாருங்கள்,
கோரிப்பாளையத்து மாஸ்டர்
எனக்குக் கைகொடுத்திருப்பார்.
சிவக்க வைக்கக் காபித்தூள்.
மூன்று நாள் வீடெல்லாம் காபிக்கடை.

"தூங்கலையா?" என்றார் வீட்டுக்காரர்,
கதவில் சாய்ந்து, அரைக்கண்ணில்.
"எருமைக்கு இன்னும் கொம்பு வைக்கலை."
அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?
தண்ணி குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

வளையத்தைப் பிளக்கக் கூடாது,
திருக வேண்டும்.
ஒரு முனை என்னைப் பார்க்க
மறுமுனை சுவரைப் பார்க்க
நடுவில் எருமையின் முதுகுக் கம்பியை நுழைத்து
திரும்பத் திருகினால்
'டிக்'.
காதால் கேட்பதில்லை அது,
கட்டைவிரலால் கேட்பது.
இருபத்திரண்டு 'டிக்'குக்காக
ஒரு மாசம் முழித்திருந்தேன்.
கூலி கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

ஆறாவது வாரம் அருளானந்து போன் செய்தார்.
"சாவியெல்லாம் பத்திரமா இருக்கு மேடம்.
சாவி மட்டும்."

முதலில் போனது பரோட்டா.
நாகர்கோவில் குடும்பம் ஒன்று
சாவியைத் தலையணைமேல் வைத்து
அதனடியில் ஐம்பது ரூபாயும் வைத்துப் போயிருக்கிறது.
பரீட்சை எழுத வந்த பையனோடு
எருமை போய்விட்டது.
ஆட்டோவை யார் ஓட்டிப் போனார்கள் என்றே தெரியவில்லை.
மொத்தம் ஒன்பது.

"அச்சச்சோ" என்றேன்.
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் சொன்னேன்,
போனில் முகம் தெரியாது என்பது
அப்போது மறந்துவிட்டது.

அன்று பில் கட்ட வந்தவர்களுக்கெல்லாம்
மீதிச் சில்லறையைச்
சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன் போல.
"புரமோஷனா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்
பக்கத்து கவுன்ட்டர் தாஜுன்னிசா.
இல்லை. என் எருமை
ஏதோ ஓர் ஊரில், யாருடைய பையிலோ
கொம்பை ஆட்டிக்கொண்டு
பஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை அவரே வந்தார்.
மரக்கட்டையை மறுபடி வைத்தார்.
"ஒன்பது போதும். அழகா வேணாம்.
யாரும் ஆசைப்படாத மாதிரி
உருண்டையா, சப்பையா, என்னமோ ஒண்ணு."

சரி என்றேன். சத்தியமாகச் சரி என்றுதான் நினைத்தேன்.
ஒன்பதரைக்கு உட்கார்ந்து
சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை பிடித்தேன்.
அதற்குப் பெயரில்லை, உருவமில்லை.
ஓரமாய் வைத்துவிட்டுக்
கை துடைக்கத் துணி தேடினேன்.

பத்தேகாலுக்கு
அதற்கு ஒரு காது முளைத்திருந்தது.